வளைவு இருக்கட்டும் தவிசாளர் அவர்களே, கையுறை எங்கே?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் இரவைக்கு ஆறுதலாக வாசியுங்கள். வாசிக்காமல் லைக் போட்டுவிட்டுப் போவதைவிட, வாசித்துவிட்டு எங்களுக்கு ஏசுவது மேல்.

சென்ற வாரம் நாங்கள் ஐந்து ஆசிரியர்கள் பாடசாலை விட்ட கையோடு எங்கள் பிரதேச சபைக்குப் போனோம். அடுத்த ஆண்டுக்கான பாதீட்டு வரைபைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருப்பதாக அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். "இதப் பாக்க இதுவரைக்கும் ஒத்தரும் வரல்ல சேர்" என்றார் அங்கிருந்த உத்தியோகத்தர். குற்றம் அவருடையதல்ல. ஊரில் இருபது வட்ஸ்அப் குழுமம் வைத்துச் சபையைத் திட்டும் நாங்களெல்லாம் அந்தக் கோப்பை ஒரு நாளாவது திறந்து பார்க்கவில்லை என்பது எங்கள் குற்றம். அதை முதலில் ஒப்புக்கொண்டுதான் மற்றதைப் பேசுகிறோம்.

இருந்து வாசித்தோம். ஊர் எல்லையில் வரவேற்பு வளைவு ஒன்று. பழைய வளைவுக்கு வர்ணம். கூட்ட மண்டபத்துக்குக் குளிரூட்டி. வாகனத் திருத்த வேலை, வீதி விளக்கு, சிறுவர் பூங்காவுக்கு வேலி. எல்லாம் தேவைதான் என்று வைத்துக்கொள்வோம், வளைவைத் தவிர. ஆனால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை 'தொற்றுநோய்' என்ற சொல்லே இல்லை. 2020 இல் உலகமே வீட்டுக்குள் பூட்டிக்கிடந்ததற்கு எந்த அடையாளமும் அந்தக் கோப்பில் இல்லை. சுத்திகரிப்புத் தொழிலாளிகளின் கையுறை, சப்பாத்துக்குத் தனித் தலைப்பு உண்டா என்று கேட்டோம். 'எதிர்பாராச் செலவு' என்ற வரியைக் காட்டினார். அடுத்த கொள்ளை நோய் வருவது எதிர்பாராததா? டெங்கு வருடாவருடம் மாரி மழையோடு வருகிறது. காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு வரும் விருந்தாளியை எதிர்பாராதவர் என்று சொல்லும் சபை நம்முடைய சபை மட்டுமாகத்தான் இருக்கும். இல்லை, அப்படிச் சொல்வதும் அநியாயம். பெரும்பாலான சபைகள் அப்படித்தான்.

ஏன் இதை இப்போது தூக்கிப் பிடிக்கிறோம் என்று சிலர் கேட்பார்கள். 2025 மே 6 ஆந் திகதி வாக்களித்து இந்தச் சபையைக் கொண்டு வந்தோம். இது அதனுடைய முதலாவது முழு ஆண்டுப் பாதீடு. இதில் எழுதாததை அடுத்த வருடம் யாரும் செய்யப் போவதில்லை. நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டையே புரட்டிப்போட்டது. வெள்ளம் வடிந்த பிறகு வருவது என்ன? கிணற்றில் அழுக்கு, வயலில் எலிக்காய்ச்சல், சிரட்டையில் நுளம்பு. இந்த நேரத்திலுமா வளைவு?

கொஞ்சம் பின்னுக்குப் போவோம்.

2017 இல் இலங்கை கண்ட மிகப் பெரிய டெங்குத் தொற்று வந்தது. ஒரே வருடத்தில் 1,86,101 பேர் நோயாளர்களாகப் பதிவானார்கள். 400 பேருக்கு மேல் மௌத்தானார்கள். நமது கிழக்கில் கிண்ணியா மக்கள் அந்த வருடத் தொடக்கத்தில் பட்ட பாடு, ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாமல் நிலத்தில் கிடந்த பிள்ளைகள், மறந்திருக்க மாட்டீர்கள். அதே வருடம் ஏப்ரல் 14 ஆந் திகதி, புத்தாண்டு தினத்திலேயே, மீத்தொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 32 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கொழும்பின் குப்பையைக் கொட்ட இடமில்லாமல் தெருத்தெருவாகத் தேங்கியது. குப்பை தேங்கினால் தண்ணீர் தேங்கும், தண்ணீர் தேங்கினால் நுளம்பு. ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கும் பாடம்.

அந்த நேரத்தில் நாட்டில் உள்ளூராட்சிச் சபைகள் எங்கே இருந்தன? ஏறத்தாழ ஒன்றுமே இருக்கவில்லை. 2015 இல் சபைகளின் காலம் முடிந்தது. எல்லை மீள்நிர்ணயம், புதிய தேர்தல் முறை என்று இழுத்து இழுத்து 2018 பெப்ரவரி 10 இல்தான் தேர்தல் வைத்தார்கள். இடைப்பட்ட காலம் முழுக்கச் செயலாளர்களும் ஆணையாளர்களும்தான். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் எந்த ஒழுங்கையில் எந்த வடிகான் அடைபட்டிருக்கிறது என்று விடிய எழும்பி அவர் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல முடியுமா?

2018 இல் தெரிவான சபைகளுக்கு ஒரு வருடம் நீட்டித்தார்கள். 2023 மார்ச்சில் அதுவும் முடிந்தது. அதே மாதம் 9 ஆந் திகதி நடக்கவிருந்த தேர்தலைக் காசில்லை என்று நிறுத்தினார்கள். அந்த வருடமும் டெங்கு 88,000 நோயாளர்களைத் தாண்டியது. அந்த வருடமும் சபை இல்லை. இந்த இரண்டு தடவையும் வட்டாரத்துக்குப் பொறுப்பான ஒரு ஆளை நம்மிடமிருந்து பறித்துவிட்டுத்தான் நுளம்போடு போராடச் சொன்னார்கள். 'உங்கள் வீட்டுச் சூழலைச் சுத்தமாக வைத்திருங்கள்' என்று ஒலிபெருக்கி மட்டும் ஊருக்குள் வந்துபோனது.

சரி, சபை இருந்த காலத்தில் என்ன நடந்தது? அதுதான் எங்களுக்கு மிகவும் சுடுகிறது.

2020 மார்ச் 2 ஆந் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. மார்ச் 20 ஆந் திகதி ஊரடங்கு வந்தது. புதிய பாராளுமன்றம் கூடியது ஓகஸ்ட் 20 ஆந் திகதி. மாகாண சபைகளில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 இலேயே முடிந்துபோனது, இன்றுவரை தேர்தல் இல்லை. ஆக, அந்த ஐந்தரை மாதமும் இந்த நாட்டில் மக்களால் தெரிவு செய்யப்பட்டு அமர்வு நடத்தக்கூடிய நிலையில் இருந்த சபைகள் எவை? 24 மாநகர சபை, 41 நகர சபை, 276 பிரதேச சபை. இந்த 341 மட்டும்தான். இதை எங்கள் குடியியல் பாடத்தில் ஒரு தரம் பிள்ளைகளுக்குச் சொன்னோம். ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்: "அப்ப டீச்சர், எல்லாத்தையும் அவங்கதான் பாத்தாங்களா?" இல்லை மகள். எல்லாவற்றையும் ஜனாதிபதி நியமித்த செயலணி பார்த்தது. செயலணியிலிருந்து மாவட்டச் செயலாளர், அவரிடமிருந்து பிரதேச செயலாளர், அவரிடமிருந்து கிராம சேவகர். ஐயாயிரம் ரூபாய்க் கொடுப்பனவும் அந்த வழியில்தான் வந்தது. தவிசாளரும் ஊரடங்கு அனுமதிப்பத்திரத்துக்குப் பொலிஸ் நிலையத்தில் வரிசையில் நின்றார்.

அதற்காகத் தவிசாளர்மாரை அப்பாவிகள் என்று விட்டுவிட மாட்டோம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் போய் வாசியுங்கள். பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகியவை சம்பந்தமான கருமங்களை ஒழுங்குபடுத்திக் கட்டுப்படுத்தி நிருவகிப்பது சபையின் பொறுப்பு. வரிசையில் முதலாவதே பொதுச் சுகாதாரம். யாராவது வந்து அதிகாரத்தைப் பறிக்கும்போது, 'இது எங்கள் வேலை, நாங்கள் செய்கிறோம், காசையும் ஆளையும் தாருங்கள்' என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினீர்களா? எங்கள் ஊரில் அனுப்பவில்லை. மாதாந்த அமர்வையே நிறுத்தினார்கள். 1987 இல் எழுதிய சட்டத்தில் ஸூம் இல்லைதான். ஆனால் மண்டபத்தில் இடைவெளி விட்டு இருபது கதிரை போட எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சந்தைக்கு இடைவெளி விட்டு நில்லுங்கள் என்று எங்களுக்குச் சொன்னவர்களுக்கு, தங்கள் கதிரைகளை இடைவெளி விட்டுப் போடத் தெரியாமல் போனது.

அமர்வு நின்றதும் என்ன நடக்கும்? உறுப்பினர்கள் எல்லாரும் உலருணவுப் பொதிக்காரர்களானார்கள். அரிசி, பருப்பு, சீனி, ஒரு படம். ஒரு பொதியை ஐந்து பேர் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். வாங்கும் உம்மாவின் முகம் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும் படம். பேஸ்புக் இன்னும் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஞாபகப்படுத்துகிறது.

ஆனால் ஒரு நல்ல விஷயம் நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நாங்கள் நன்றி கெட்டவர்களாவோம். மீன் சந்தையைக் கட்டிடத்துக்குள்ளிருந்து எங்கள் பாடசாலை மைதானத்துக்கு மாற்றினார்கள். செய்தது செயலணியுமல்ல, தவிசாளருமல்ல. எங்கள் பி.எச்.ஐ. ஒருவரும் சபையின் சந்தைப் பொறுப்பாளரும் சுபஹுக்குப் பிறகு வந்து சுண்ணாம்புத் தூளால் வட்டம் போட்டார்கள். உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல். வயதானவர்களுக்கு முதல் மணித்தியாலம். நாங்கள் மூன்று பேர் வாசலில் நின்று சனத்தை எண்ணி விட்டோம். முதல் இரண்டு நாள் அப்படி ஒரு ஒழுங்கை எங்கள் ஊர் சந்தையில் நாங்கள் கண்டதே இல்லை. மீன் வியாபாரி ஒருவர் சொன்னார், "பழைய எடத்துக்கு திரும்பிப் போகவே வேணாம் போல ஈக்கி" என்று.

மூன்றாம் நாள் கழிவு அள்ள உழவு இயந்திரம் வரவில்லை. சாரதி தனிமைப்படுத்தலில். பதிலுக்கு ஆள் இல்லை. மீன் வெட்டிய கழிவு மைதானத்தின் மூலையில் குவிந்தது. காகமும் நாயும் வந்தன. கை கழுவ வைத்த தாங்கிக்குத் தண்ணீர் பவுசர் வரவில்லை. மலசலகூடம் இல்லை, பாடசாலை மலசலகூடத்துச் சாவி அதிபரிடம். நான்காம் நாள் நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். ஐந்தாம் நாள் சந்தை நின்றது. மீன்காரர்கள் சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாக ஏறினார்கள், பத்துப் பேர் சுற்றி நின்று பேரம் பேசினார்கள். இரண்டு பேருடைய புத்தி நான்கு நாள் ஒரு ஊரைத் தாங்கியது. ஒரு பதில் சாரதி இல்லாததால் எல்லாம் போனது.

இதைத்தான் நாங்கள் திட்டம் என்று சொல்கிறோம். பெரிய மண்டபத்தில் நடக்கும் செயலமர்வையல்ல. சாரதி நோயானால் யார் ஓட்டுவது, அந்தச் சாவி யாரிடம், பவுசருக்கு டீசல் எந்தத் தலைப்பில். ஒரு தாளில் அடங்கும்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பிரதேச சபைப் பகுதிகளில் சுகாதார வைத்திய அதிகாரியும் பி.எச்.ஐ.மாரும் சபையின் ஆட்களல்லர். அவர்கள் மாகாணச் சுகாதாரத் திணைக்களத்துக்குக் கீழே. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய நல்லதொரு முறை அது. பி.எச்.ஐ. வந்து வெறும் வளவில் நுளம்புக் குடம்பியைக் கண்டுபிடிப்பார். ஆனால் அந்த வளவின் குப்பையை அள்ள வேண்டியது சபை. சபையிடம் ட்ரக்டர் இருக்கிறது, குடம்பி எங்கே என்று தெரியாது. பி.எச்.ஐ.க்குக் குடம்பி எங்கே என்று தெரியும், ட்ரக்டர் இல்லை. இரண்டு அலுவலகத்துக்கும் இடையில் எங்கள் ஊரில் அரைக் கிலோமீற்றர். எத்தனை மாதம் கடிதப் போக்குவரத்து! கொழும்பு மாநகர சபைக்கு இந்தப் பிரச்சினை குறைவு. அவர்களுக்குத் தனிப் பொதுச் சுகாதாரத் திணைக்களமே இருக்கிறது. எங்களுக்கு மாநகரம் வேண்டாம். இரண்டு அலுவலகத்தாரும் வாரத்துக்கு ஒரு தரம் ஒரே மேசையில் இருந்து ஒரு தேநீர் குடித்தால் போதும்.

இப்போது 'சபைக்குக் காசில்லை, அதிகாரமில்லை' என்ற பழைய பாட்டுக்கு வருவோம். இதற்கு ஒரே ஒரு பதில்தான். ஓட்டமாவடி.

2020 மார்ச் 24 ஆந் திகதியே உலக சுகாதார ஸ்தாபனம் கொரோனாவால் இறந்தவர்களை அடக்கவும் முடியும், எரிக்கவும் முடியும் என்று வழிகாட்டல் வெளியிட்டது. ஏப்ரல் 11 ஆந் திகதி வர்த்தமானியில் எரிப்பு மட்டும் என்று போட்டார்கள். அந்த வருடம் டிசம்பர் 1 ஆந் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம் பிறந்து இருபது நாளான பிள்ளையை எரித்தார்கள். பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டினோம். முஸ்லிம்கள் மட்டும் கட்டவில்லை. 2021 பெப்ரவரி 25 ஆந் திகதி வர்த்தமானியைத் திருத்தினார்கள். பிறகு இரணைதீவில் அடக்கலாம் என்றார்கள். அங்குள்ள மீனவ மக்கள் எதிர்த்தார்கள், எதிர்க்க அவர்களுக்கு நியாயம் இருந்தது, சொந்த மண்ணுக்கே பல வருடம் போராடித் திரும்பிய சனம் அது. மற்ற ஊர்கள் தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கோறளைப்பற்று மேற்குப் பிரதேச சபையின் நிலம் மஜ்மா நகரில் தயாரானது. மார்ச் 5 ஆந் திகதி முதல் ஜனாஸாக்கள் அடங்கின.

அந்தச் சபை பணக்காரச் சபையா? நமது சபையைவிட வருமானம் கூடியதா? இல்லை. ஒரு வருடம் அங்கே வேலை நடந்தது. நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் இரவோடிரவாக வாகனங்கள் வந்தன. 3,600 பேருக்கு மேல் அங்கே உறங்குகிறார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, கிறிஸ்தவர்களும் இந்துக்களும் பௌத்தர்களும் உண்டு. குழி வெட்டி, இலக்கமிட்டு, பதிவு வைத்து, சபையின் ஊழியர்களும் அந்த ஊர் வாலிபர்களும் நின்றார்கள். எங்களோடு படிப்பிக்கும் ஒருவரின் வாப்பா அங்கே இருக்கிறார். தூரத்தில் நின்று துஆச் செய்துவிட்டு வந்தார். இன்று போனாலும் இலக்கத்தைப் பார்த்துக் கபுறைக் கண்டுபிடிக்க முடிகிறது. எங்களில் இன்னொருவரின் மாமாவுக்குக் கபுறே இல்லை. அவர் மௌத்தானது 2020 நவம்பரில், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு விஷயத்தை நின்று யோசித்துப் பாருங்கள். எரித்த அடுப்புகளும் பெரும்பாலும் உள்ளூராட்சிச் சபைகளின் அடுப்புகள்தான். அடக்கிய நிலமும் உள்ளூராட்சிச் சபையின் நிலம்தான். மயானம் என்பது இந்த நாட்டில் ஆங்கிலேயர் காலத்திலிருந்து உள்ளூர்ச் சபைகளின் கையிலிருக்கும் விஷயம். அந்த ஒரு வருடம் முழுக்க, நாடெங்கும் மேசையில் தட்டித் தட்டிப் பேசிய நமது உறுப்பினர்களில் எத்தனை பேர், 'இந்தச் சபை எல்லைக்குள் நீர்மட்டம் ஆழமான மேட்டு நிலம் இங்கே இருக்கிறது, ஆய்வு செய்து பாருங்கள்' என்று ஒரு வரைபடத்தோடு எழுதிக் கொடுத்தார்கள்? நிலத்தடி நீர் என்றுதான் அவர்கள் சாட்டுச் சொன்னார்கள். அந்தச் சாட்டுக்கு ஊர்களிலிருந்து போயிருக்க வேண்டிய பதில் கண்ணீரோடு ஒரு நில அளவைப் படமும்தான். நாங்கள் கண்ணீரை மட்டும் அனுப்பினோம். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. நல்லது. நமது சபைகள் யாரிடமும் இன்னும் கேட்கவில்லை.

'சபை எதற்கு, பள்ளிவாசல் பார்த்துக்கொள்ளும்' என்று சிலர் சொல்வார்கள். கோபிக்க வேண்டாம், இதையும் பேசியே ஆக வேண்டும். பள்ளிவாசல்கள் அந்தக் காலத்தில் செய்த சேவையை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். 2020 மார்ச் கடைசியில் அக்குறணையும் அட்டுளுகமையும் மூடப்பட்டபோதும், நவம்பரில் அக்கரைப்பற்றுச் சந்தையில் தொற்று வந்து ஊர் முடங்கியபோதும், முதலில் அரிசி மூட்டையோடு நின்றது பள்ளிவாசல் நிர்வாகங்களும் வாலிபர்களும்தான். ஆனால் பள்ளிவாசலிடம் இருப்பது ஜமாஅத்தின் பெயர்ப் பட்டியல். எங்கள் ஊரின் கடைசி ஒழுங்கையில் இருபது தமிழ்க் குடும்பம் இருக்கிறது. அவர்கள் எந்தப் பட்டியலில்? தலாக் ஆகி வேறு ஊரிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கும் தாய்மார், சந்தா கட்டாதவர்கள், அவர்கள் எந்தப் பட்டியலில்? சோலைவரி இடாப்பில் எல்லா வீடும் இருக்கிறது. வாக்காளர் இடாப்பில் எல்லாப் பெயரும் இருக்கிறது. யாரையும் விடாமல் எண்ணக்கூடியது சபை மட்டும்தான். இந்தியாவில் கேரளாவைப் பாருங்கள். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்த சில நாளுக்குள் அங்குள்ள உள்ளூராட்சிச் சபைகள் குடும்பஸ்ரீப் பெண்களோடு சேர்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட சமூகச் சமையலறைகளைத் திறந்தன. நமக்கும் 2018 இலிருந்து சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு இருக்கிறது. எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, எந்த வீட்டில் இன்சுலின் தேவை என்று எங்கள் சபையின் பெண் உறுப்பினர்கள் விரல்நுனியில் வைத்திருந்தார்கள். ஒரு கூட்டத்திலும் அவர்களிடம் கேட்கவில்லை. படத்தில் ஓரமாக நிற்க மட்டும் கூப்பிட்டார்கள்.

கடைசியாகக் கையுறைக்கு வருகிறோம். தலைப்பில் போட்டுவிட்டு இவ்வளவு நேரம் இழுத்ததற்கு மன்னிக்கவும்.

எங்களிடம் ஒன்பதாம் ஆண்டுவரை படித்துவிட்டு நின்ற ஒருவன் சபையின் குப்பை ட்ரக்டரில் வேலை செய்தான். அமைய ஊழியன். வேலைக்குப் போன நாளுக்குத்தான் சம்பளம். ஊர் முடக்கப்பட்டிருந்த நாட்களிலும் அவனும் இன்னும் ஆறு பேரும் வந்தார்கள். வாசலில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டிய வீடுகளின் குப்பையும் மற்ற வீட்டுக் குப்பையும் ஒரே பெட்டியில்தான். பாவித்த முகக்கவசம், மருந்துப் போத்தல், பிள்ளையின் பம்பர்ஸ் எல்லாம் கலந்து. கையில் சொப்பிங் பேக்கைச் சுற்றிக்கொண்டு அள்ளினான். எங்கள் வீட்டு வாசலிலும் அள்ளினான். நாங்கள் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தோம். "கையுறை தரல்லியாடா?" என்று உள்ளே நின்றபடியே கேட்டோம். "மொத நாள் தந்தாங்க சேர், கிழிஞ்சி போச்சி" என்றான்.

இரண்டு கிழமையில் அவனுக்கே தொற்று. பதினான்கு நாள் வீட்டில். நாட்சம்பளம் இல்லை. பள்ளிவாசல் ஒரு பொதி கொடுத்தது. சபை கொடுத்தது ஒன்றுமில்லை, 'அமைய ஊழியருக்கு அப்படி ஏற்பாடு இல்லை' என்ற பதிலைத் தவிர. அவனுடைய மகள் அப்போது எங்கள் ஐந்தாம் ஆண்டில். நாங்கள் வட்ஸ்அப்பில் பயிற்சித்தாள் அனுப்பிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டில் அந்த போன் இல்லை என்பது மூன்று மாதத்துக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆகவே சபையை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாங்கள் நீதிபதி வேஷம் போடவில்லை.

அடுத்த வருடம் ஊரில் பாராட்டு விழா வைத்தார்கள். அப்போதைய தவிசாளருக்குப் பொன்னாடை, உறுப்பினர்களுக்கு நினைவுச் சின்னம். எங்கள் அதிபருக்கும் ஒன்று. அந்த ஏழு பேரையும் யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. மண்டபத்தில் கதிரை அடுக்கியது அவர்களில் இரண்டு பேர்.

இப்போதைய தவிசாளர் அவர்களே, நீங்கள் அன்று அந்தக் கதிரையில் இருக்கவில்லை. அதனால்தான் உங்களோடு பேசுகிறோம். வளைவுக்கு ஒதுக்கியதை வெட்டுங்கள். அந்தக் காசில் சுத்திகரிப்பு ஊழியர் ஒவ்வொருவருக்கும் வருடம் முழுக்கக் கையுறை, சப்பாத்து, முகக்கவசம். அமைய ஊழியர் தொற்றால் வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு தீர்மானம் எடுத்து உள்ளூராட்சி ஆணையாளரின் அனுமதிக்கு அனுப்புங்கள். அவர் மறுத்தால் மறுத்த கடிதத்தை எங்களுக்குக் காட்டுங்கள், நாங்கள் அங்கே போய்ப் பேசுகிறோம். சந்தையை மாற்ற இரண்டு மைதானத்தை இப்போதே குறித்து, தண்ணீரும் மலசலகூடமும் யார் பொறுப்பு என்று எழுதி வையுங்கள். எங்கள் பாடசாலைச் சாவிக்கு அதிபரிடம் நாங்கள் பேசிவிட்டோம், அவர் சரி என்றுவிட்டார். இரண்டாவது சாரதி ஒருவரைப் பழக்குங்கள். மையவாடிகளிலும் மயானத்திலும் எவ்வளவு இடம் மிச்சம், நீர்மட்டம் எவ்வளவு ஆழம் என்று அளந்து ஒரு கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பு தேவைப்படாமலே போகட்டும் என்று துஆச் செய்கிறோம், ஆனால் இருக்க வேண்டும்.

வரும் செவ்வாய் காலை பாதீட்டு அமர்வு. எங்களுக்குத் தவணை விடுமுறை. பொதுமக்கள் இருக்கும் பகுதியில் நாங்கள் ஐந்து பேரும் இருப்போம். எங்களோடு அந்த ட்ரக்டர்காரனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். இன்னும் அமைய ஊழியன்தான். மகள் இந்த வருடம் பத்தாம் ஆண்டு. மகஜரில் கையொப்பமிட விரும்புகிறவர்கள் திங்கட்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பாடசாலையின் முன் வாசலுக்கு வாருங்கள். கடைசி ஒழுங்கைக்கு நாங்களே தாளைக் கொண்டு போகிறோம், யாரும் அலையத் தேவையில்லை.